மேசைக்குப் போகாத ஒன்பது மனுக்கள்

உங்களில் ஒருத்தி என் மகள். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "அப்பா, நீங்களும் இதே வேலதான பாத்தீங்க? எங்கள மாதிரி புதுசா வந்தவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்களேன்" என்று வாரம் தவறாமல் கேட்கிறாள். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். மனுவை எப்படிப் பதிவது, எந்தத் துறைக்கு எந்த மாதிரிக் கடிதம் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதை எழுதப்போவதில்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். வெகுநாளாகச் சுமந்து தோள் வலித்துப்போன விஷயம். அதனால் அங்கங்கே நின்று நின்றுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாரிடம் வேலை பார்த்தேனோ, அவரை நாங்கள் கவுண்டர் என்போம். அது அவருடைய பதவியின் பெயர். கெலமங்கலத்துக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிற ஏழு ஊர்களுக்கு அவர் நாட்டுக் கவுண்டர். பரம்பரையாக வருவது. ஏழூர்க் கூட்டம் கூடினால் ஒரு கறுப்புக் கம்பளி விரிப்பார்கள். அதில் கவுண்டர் மட்டும் உட்காருவார். பக்கத்தில் கோல்காரர் நிற்பார். ஆட்களைக் கூப்பிடுவதும் சத்தத்தை அடக்குவதும் அவர் வேலை. கவுண்டருக்கு அடுத்த பதவியில் இருப்பவருக்கு எங்கள் பக்கம் மந்திரி என்று பெயர். கூட்டத்தில் எல்லாரும் பேசி முடித்த பிறகு கடைசியாகத்தான் கவுண்டர் பேசுவார். அவர் பேசிவிட்டால் அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஏழூர்க் கணக்கையும் கடிதங்களையும் எழுதக் கூப்பிட்டார். அப்படி ஆறு வருசம். பிறகு அவர் எம்.எல்.ஏ. ஆனார், அதற்குப் பிறகு எம்.பி. அது பத்து வருசம். ஆள் ஒருவர்தான், நான் உட்கார்ந்த நாற்காலிதான் மாறிக்கொண்டே வந்தது.

முதல்முறை சட்டமன்றத்துக்குப் போனவர், எல்லாரும் பேசி முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் பேசி முடித்தார்கள். மணி அடித்தது. சபை கலைந்தது. அன்று மதியம் விடுதி அறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "என்னப்பா, கடைசி வரைக்கும் நம்மள யாருமே கேக்கலயே?" என்றார்.

"அங்க கேக்க மாட்டாங்கய்யா. நாமதான் கையத் தூக்கணும்."

"நானா? கையத் தூக்கணுமா?"

ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தூக்கக் கற்றுக்கொண்டார். நன்றாகவும் பேசினார். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் பேசுவார்கள். அவர் தில்லி போய் இந்தியையும் ஒப்பேற்றினார். கடைசி இரண்டு வருசம் அங்கே இணை அமைச்சராகவும் இருந்தார். அந்தச் செய்தி வந்த அன்று கோல்காரர் ஒரு சாமந்தி மாலையோடு ஓசூர் அலுவலகத்துக்கு வந்தார். கட்சிக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில் மாலையைப் போட்டுவிட்டு, "என்னாங்க கவுண்டரே, நம்மூர்ல மந்திரின்னா கவுண்டருக்குக் கீழதான? அம்மாந்தூரம் தில்லிக்குப் போயி ஒரு படி எறங்கிட்டீங்களே!" என்றார். கவுண்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த அலுவலகத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

சிரிப்பாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டு அதிகாரம் இருந்தால், எந்த அதிகாரத்தால் யாருக்கு என்ன நடந்தது என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்பதுதான் இனி.

அவர் எம்.எல்.ஏ. ஆவதற்கு முந்தைய வருசம், எங்கள் ஏரிக்கு மேலே இருக்கிற நிலங்களை ஒரு கம்பெனிக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். வாகன உதிரி பாகம் செய்கிற கம்பெனி. ஏழூரும் கூடி, விற்றால் எல்லாரும் சேர்ந்து விற்பது, இல்லையென்றால் ஒருவரும் விற்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அடுத்த மாதமே முனியப்பன் என்பவர் ஏரிமேட்டில் இருந்த தன் ஒன்றரை ஏக்கரைத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருந்தவர். அதிகம் பேசாத மனிதர். தக்காளி போடுவார், இரண்டு மாடு வைத்திருந்தார்.

கூட்டம் கூடியது. முனியப்பனை நடுவில் நிறுத்தினார்கள். "ஏன் வித்த?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றார். "பாரு, திமிர! வாயத் தொறக்கறானா பாரு" என்றார்கள். கடைசியாகக் கவுண்டர் பேசினார். முனியப்பன் குடும்பத்தை ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பதாகச் சொன்னார். யாரும் பேசக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, அவர்கள் வீட்டு நெருப்பும் தண்ணீரும் யாருக்கும் ஆகாது.

அவர் சொல்லி முடித்த பிறகு முனியப்பன் தலையை நிமிர்த்தி, "கவுண்டரே, ஒரு வார்த்த" என்று ஆரம்பித்தார். கோல்காரர் கோலைத் தரையில் தட்டினார். கவுண்டர் பேசியாகிவிட்டதே. எல்லாரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டோம். நானும்தான்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இப்படி ஒதுக்கி வைப்பதைக் கட்டு என்போம். ஒரு கவுண்டர் போட்ட கட்டை அதே கவுண்டர் அவிழ்க்க முடியாது. அவருக்குப் பிறகு கம்பளியில் உட்காருகிறவர்தான் அவிழ்க்கலாம். அவிழ்க்கலாம் என்று இருந்தால் தினம் யாராவது கவுண்டர் வீட்டு வாசலில் வந்து அழுவார்கள், அதனால் முன்னோர் அப்படி வைத்தார்கள் என்று சொல்லுவார்கள்.

நிலத்துக்காக நின்றவர் என்று கவுண்டருக்குப் பெரிய பெயர் வந்தது. கட்சி வீடு தேடி வந்தது. எம்.எல்.ஏ. ஆன இரண்டாவது வருசம் அவரே முன்னின்று பேசி, நல்ல விலைக்கு, ஏழூரும் ஏரிமேட்டு நிலத்தை அதே கம்பெனிக்குக் கொடுத்தார்கள். எங்கள் நிலமும் போனது. ஆக எல்லாரும் விற்றவர்கள்தான். முனியப்பன் மேல் இருந்த கட்டு மட்டும் அப்படியே இருந்தது. ஒருவரும் அதைப் பற்றிப் பேச்சை எடுக்கவில்லை.

கவுண்டர் எம்.எல்.ஏ. ஆன வருசமே முனியப்பனின் மனைவி ராஜம்மா அக்கா ஓசூர் அலுவலகத்துக்கு ஒரு மனுவோடு வந்தார். வரிசையில் நின்றார். முறை வந்ததும் காகிதத்தை என் கையில் கொடுக்காமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நான் ஊர்க்காரன், அவரோடு பேசக் கூடாது அல்லவா? அது ஓசூர், அரசாங்கம் கொடுத்த அலுவலகம், அங்கே எந்தக் கம்பளியும் இல்லை. இருந்தும் நான் பேசவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போய்விட்டார்.

மனுவைப் படித்தேன். முனியப்பன் நிலத்தை விற்ற காரணம் அதில் இருந்தது. ராஜம்மா அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. உடனே அறுவை செய்யாவிட்டால் உயிர் தங்காது என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்காக விற்றிருக்கிறார். ஏழூர் ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பெண்டாட்டியின் கர்ப்பப்பையைப் பற்றி எப்படிச் சொல்லுவது என்று வெட்கப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசியில் எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு வாயைத் திறந்தபோது கவுண்டர் பேசி முடித்துவிட்டார்.

அந்த மனுவை நான் பதிவேட்டில் ஏற்றவில்லை. ஊரைவிட்டு ஒதுக்குவது சட்டப்படி குற்றம். பதிவேட்டில் ஏறினால் நாளைக்கு யாராவது அதை எடுத்துக் கவுண்டர் மேல் கேஸ் போடுவார்கள் என்று பயந்தேன். அவரிடம் காட்டினால்தான் என்ன ஆகும்? அவரால் அவிழ்க்க முடியாது, கட்டு அவிழ வேண்டுமென்றால் அவர் கம்பளியை விட வேண்டும். கம்பளியை விட்டால் ஏழூர் ஓட்டு இல்லை. வீணாக அவர் மனசை ஏன் கெடுப்பது என்று மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். தலைவரைக் காப்பாற்றுகிறேன் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். பிள்ளைகளே, இந்த வேலையில் அந்த நம்பிக்கை வருகிற நாளில் உங்களை நீங்களே சந்தேகப்படுங்கள்.

அடுத்த வருசமும் வந்தார். அதற்கடுத்த வருசமும். மேசை ஓரத்தில் வைப்பார், தள்ளி நிற்பார், நான் தலையாட்டுவேன். ஒன்பது வருசம்.

எம்.பி. பதவிக்காலம் முடிகிற சமயம். அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு புதுப் பிரிவைத் திறந்துவைக்கக் கவுண்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை. வரிசையாக நின்ற தொழிலாளர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே வந்தவர், ஒரு பெண்ணின் முன்னால் நின்றார். முகஜாடை ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும்.

"எந்த ஊரும்மா?"

அந்தப் பெண் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"அட, நம்ம ஊரா! யாரு மக?"

"சொல்றங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க எங்கிட்டப் பேசலாங்களா?"

கம்பெனி அதிகாரிகள் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏம்மா அப்படிக் கேக்கற?"

"நான் முனியப்பன் மக, பவித்ரா. மூணு வருசமா இங்க வேல பாக்கறங்க. கம்பெனி பஸ்ல நம்மூர்க்காரங்க பதினாலு பேரு வர்றாங்க. எம்பக்கத்து சீட்டு மட்டும் காலியாத்தான் வரும்."

கவுண்டர் அவளையே பார்த்தார். "இன்னுமா?" என்றார். அந்த ஒரு சொல்தான். எல்லாரும் நிலத்தை விற்ற அன்றே அந்தக் கட்டும் தானாகப் போய்விட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். ஊரில் அவர் தங்கியே பல வருசம் ஆகிவிட்டது.

"இன்னுந்தாங்க. வர்ற வெள்ளிக்கெழம எனக்கு நிச்சயம். ராயக்கோட்ட மாப்பிள்ள. ஊர் வெத்தல வராம உக்கார மாட்டோம்னு அவங்க வீட்ல சொல்லிட்டாங்க. அம்மாதான் வருசா வருசம் உங்க ஆபீசுக்கு மனு குடுக்கறாங்களேங்க, பாக்கலீங்களா?"

ஊர் வெற்றிலை என்பது, நிச்சயத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்கு ஊர் சார்பில் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வருவது. இந்தப் பெண் எங்கள் ஊர்ப் பெண், இவளுக்கு நாங்கள் இருக்கிறோம் என்று அதற்குப் பொருள். அது வராத வீட்டில் எங்கள் பக்கத்து ஆட்கள் சம்பந்தம் செய்யத் தயங்குவார்கள்.

கவுண்டர் திரும்பி என்னைப் பார்த்தார். ரிப்பனை வெட்டினார். கேசரி சாப்பிட்டார். காரில் ஏறினார். அலுவலகத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகு கேட்டார்.

"எத்தன?"

"ஒன்பதுங்கய்யா."

"எங்க?"

கீழ் இழுப்பறையைத் திறந்து எடுத்து வைத்தேன். "மொதல்ல வந்தத எடுத்துப் படி. சத்தமாப் படி" என்றார். படித்தேன். கர்ப்பப்பை என்ற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் காத்திருந்தார். படித்து முடித்தேன்.

"இத அன்னைக்கே அவன் ஏஞ் சொல்லல?"

"சொல்ல வந்தாருங்கய்யா. அதுக்குள்ள நீங்க பேசிட்டீங்க."

மேசைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

நான் யோசனை சொல்ல ஆரம்பித்தேன். அதுதானே நம் வேலை. "ஐயா, வெள்ளிக்கெழம நீங்களே நேர்ல போயி நின்னா போதும். மந்திரி வந்து நிக்கற வீட்ட ஊரு ஒதுக்குமா?"

"நான் நிக்கறப்ப எனக்குப் பயந்து பேசுவாங்க. நான் கார்ல ஏறினப்புறம்?"

"கலெக்டருக்கு ஒரு வார்த்த சொன்னா..."

"போலீசு வந்து நின்னா அந்தப் பொண்ணு பக்கத்து சீட்டுல எவனாவது உக்காருவானா?"

அப்போது கட்சியின் மாவட்ட நிர்வாகி போனில் வந்தார். பட்டியலில் கவுண்டர் பெயர் ஏறக்குறைய உறுதி என்றார். "ஏழூரு உங்க கையில, அந்த ஒண்ணு போதுங்க" என்றார். கவுண்டர் போனை வைத்துவிட்டு என்னிடம், "வியாழக்கெழம காலைல ஏழூர் கூடணும். கோல்காரருக்குச் சொல்லு" என்றார்.

என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கம்பளி அடுத்துப் போக வேண்டியது அவர் தம்பிக்கு. மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான், அவன் வரமாட்டான். தம்பியை நாங்கள் சின்னவர் என்போம். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் வியாபாரம். எதிர்க்கட்சிக்காரர். அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருசம் ஆகியிருந்தது. "ஐயா, கம்பளிய அவருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி, கட்ட அவுக்கறேன்னு ஒரு வார்த்த வாங்கிக்கங்க" என்று கெஞ்சினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

வியாழக்கிழமை காலை பால் சொசைட்டி முன்னால் இருக்கிற ஷெட்டில் கூடினோம். முதல் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். சிலர் கழுத்தில் அடையாள அட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பால் ஊற்ற வந்த பெண்கள் கேன்களோடு ஓரமாக நின்றார்கள். கம்பளி விரித்தார்கள். கவுண்டர் உட்கார்ந்தார். அன்று அவர் கடைசியில் பேசவில்லை, முதலில் பேசினார்.

"இனிமே நான் இதுல உக்காரல. வழக்கப்படி எந்தம்பிக்கு வருது" என்றார். எழுந்தார். நாலு அடி நடந்து சிமெண்டுத் தரையில், அடையாள அட்டை போட்டிருந்த பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சின்னவர் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "என்னாண்ணா இது கூத்து? தேர்தல் வருதுன்னு எனக்கு எலும்பு போடறியா?"

"இல்ல."

"முனியப்பன் கட்ட அவுக்கணும். அதான? ஊருக்கே தெரியும். வாயத் தொறந்து எங்கிட்டக் கேளு."

"கேக்க மாட்டேன்."

"ஏன், கவுரவமா?"

"நான் சொல்லி நீ அவுத்தா, அவுத்தது நானு. அது செல்லாது."

"அவுக்கலன்னா?"

"அது உன் இஷ்டம். அப்பவும் கம்பளி உன்னுதுதான்."

சின்னவர் கொஞ்ச நேரம் அண்ணனை முறைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கம்பளியில் உட்கார்ந்தார். மறுநாள் நிச்சயம். இந்த மனுஷன் அண்ணன் மேல் இருக்கிற கோபத்தில் இல்லை என்று சொல்லிவிட்டால், இன்னொரு கவுண்டர் வரும்வரை அந்தக் குடும்பத்துக்கு விடிவு கிடையாது. கவுண்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு தொடங்கியது. ஒரு பெரியவர், "இவன அவுத்துட்டா நாளைக்கு எவன் ஊருக்குக் கட்டுப்படுவான்?" என்றார். பலர் ஆமாம் போட்டார்கள். அடையாள அட்டை போட்ட ஒருவன் எழுந்தான். "அவரு முன்னாடி வித்தாரு, நாமெல்லாம் பின்னாடி வித்தோம். அவரு நெலத்துல கேன்டீன் இருக்கு, நம்ம நெலத்துல பார்க்கிங் இருக்கு. வேற என்னாங்க வித்தியாசம்?" என்றான்.

சின்னவர் என் பெயரைச் சொல்லி எழச் சொன்னார். "அந்தம்மா குடுத்த காயிதமெல்லாம் உங்கிட்டத்தான இருந்துச்சு? அதுல என்னா எழுதியிருந்துச்சு?"

ஏழூர் ஆம்பிளைகள் முன்னால் நின்றேன். அன்று முனியப்பன் நின்ற அதே நிலைமை. எனக்கும் கால் விரல் தரையைக் கீறியது. சொன்னேன். கர்ப்பப்பை, கட்டி, பெங்களூர், உயிர் போயிருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஓரத்தில் பால் கேனோடு நின்ற ஒரு பெண் குரல் கொடுத்தாள். "இதென்னா இப்பத்தான் தெரிஞ்ச மாதிரி? எங்களுக்கெல்லாம் அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்னா?" என்றார் அந்தப் பெரியவர்.

"எங்கள யாரு கேட்டீங்க? கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

மற்றப் பெண்கள் கேனைத் தரையில் வைத்தார்கள். வேலைக்கு நேரமாகிறது என்று ஒருத்தியும் நகரவில்லை. சின்னவர் அவர்களைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பேசினார்.

"கட்டு அவுந்துது. இன்னைக்கே ஊர் வெத்தல போகணும். தட்ட இவன் எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்று என்னைக் காட்டினார். "காயிதத்த வாங்கத் தெரிஞ்ச கை, வெத்தலயக் குடுக்கவும் தெரிஞ்சுக்கட்டும்."

கோல்காரர் கோலைத் தட்டினார். எல்லாரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அவர்களோடு ஒருவராகக் கவுண்டரும் உதறிக்கொண்டு எழுந்தார்.

அந்த வேட்பாளர் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. மாவட்ட நிர்வாகி அதன் பிறகு போன் செய்யவும் இல்லை. இதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். "அசதியா இருக்குப்பா" என்றார். இத்தனை வருசத்தில் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் பூ வைத்துக் கொடுத்தார்கள். என் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளித்தான். பத்து வருசத்துக்கு மேலாக அந்த வாசலைத் தாண்டும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டே போய்ப் பழகியவன். அதனால் அந்த வீட்டுக்கு மூன்று படி என்பதே அன்றைக்குத்தான் மறுபடியும் தெரிந்தது. முனியப்பன் வாசலில் தக்காளிக் கூடையில் அழுகியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னையும் தட்டையும் பார்த்தார். வேலையை விடவில்லை. "உள்ள இருக்கா" என்றார். அத்தனை வருசத்தில் அவரிடமிருந்து எனக்கு வந்த முதல் பேச்சு அது.

ராஜம்மா அக்கா கதவருகில் வந்து நின்றார். தட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"பேசலாமா தம்பி?"

"பேசலாங்கக்கா. அவுத்தாச்சு."

"அப்ப ஒண்ணு கேக்கறேன். நான் குடுத்த மனுவெல்லாம் படிச்சியா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். நேரமில்லை, கூட்டம், கவனிக்கவில்லை என்று எத்தனையோ சொல்லலாம். இந்த வேலையில் அந்தப் பதில்கள் நமக்கு நாக்கு நுனியிலேயே இருக்கும்.

"படிச்சேன்க்கா."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல் இறங்கித்தான் வந்தது. "நீ ஒம்போதாவதுதான படிச்ச. எங்கையெழுத்தும் கோழி கிளறின மாதிரி இருக்கும். ஒனக்குப் படிக்க முடியல போலன்னு நெனச்சுக்கிட்டேன் தம்பி. அதனாலதான் வருசா வருசம் இன்னுங் கொஞ்சம் பெரிசா எழுதினேன்."

தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என்னை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தேன்.

மத்தியானம் பஸ் பிடித்து ஓசூர் போனேன். கவுண்டரின் மேசையில் மனுக்கள் அப்படியே இருந்தன. வருசத்துக்கு ஒன்றாகப் படித்தவனுக்கு அதுவரை தெரியவில்லை. ஒன்பதையும் வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்தேன். முதல் மனு ஒரு பக்கத்தில் முடிந்திருந்தது. கடைசி மனு நான்கு பக்கம். எழுதியிருந்த விஷயம் இரண்டிலும் ஒன்றுதான்.